குளிர் தண்ணீரும் கறுப்பு வெள்ளைப் படமும்

(ராகலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டிலே பிலிம் கழுவவும் பிரிண்ட் போடவும் என்னென்ன சாமான் வாங்க வேண்டும் என்று சொல்லச் சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். முன்வரிசையில் மூன்று பேர் அப்பாவின் அலுமாரியிலிருந்து எடுத்த பழைய கமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் உள்ளே வரும்போதே, "சேர், என்லாஜர் எங்கே மலிவாகக் கிடைக்கும்?" என்று கேட்டுவிட்டார். தம்பி, அதற்குக் கடைசியில் வருகிறேன். நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடுகிற என்லாஜர் கடைசியாக வாங்க வேண்டிய சாமான். முதலில் வாங்க வேண்டியது ஒரு வெப்பமானி.

இதை ராகலையில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிலிம் கழுவுவதைப் பற்றி நம் கைக்குக் கிடைக்கும் குறிப்புகள் இரண்டு வகை. ஒன்று, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுதியது. அதில் எல்லாக் கணக்கும் 20 பாகை செல்சியஸில் தொடங்கும். மற்றது, வெப்ப நாட்டுக்காரருக்கு என்று எழுதியது. கொழும்பிலும் சென்னையிலும் குழாய்த் தண்ணீர் 28, 30 பாகையில் வரும். பிலிமின் மேலே இருக்கிற ஜெலட்டின் அந்தச் சூட்டில் ஊதி, இளகி, விரல் பட்டாலே உரிந்துவிடும். ஆகவே ஐஸ் போடு, டெவலப்பரில் சோடியம் சல்பேற்றுச் சேர், குரோம் அலத்தில் முக்கிக் கெட்டியாக்கு என்று அந்தக் குறிப்புகள் சொல்லும். இலங்கை வெப்ப நாடுதானே என்று நம் பிள்ளைகளும் அதைப் படித்து ஐஸ் தேடுகிறார்கள். தை, மாசியில் பனி கொட்டிக் கொழுந்து கருகுகிற ஊரில் ஐஸ் எதற்கு? விடிகாலையில் பீலித் தண்ணீரில் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். நம் சிக்கல் கொழும்புச் சிக்கலுக்கு நேர் எதிரானது. அதற்கேற்ற சாமானும் வேறு.

குளிரில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். கொடாக் கம்பனி 1927இல் கொண்டுவந்த டி-76 டெவலப்பர் இன்றும் உலகம் முழுவதும் ஓடுகிறது. ஒரு லீட்டருக்கு மெட்டோல் 2 கிராம், சோடியம் சல்பைற்று 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். இதில் மெட்டோலும் ஹைட்ரோகுயினோனும் ஒன்றுக்கொன்று கை கொடுத்து வேலை செய்கிற சோடி. குளிர் ஏற ஏற இரண்டும் மந்தமாகும். ஆனால் ஒரே அளவில் அல்ல. ஏறத்தாழ 13 பாகைக்குக் கீழே போனால் ஹைட்ரோகுயினோன் வேலைநிறுத்தம் செய்துவிடும். மெட்டோல் மட்டும் ஒற்றை ஆளாகக் கொழுந்து பறிக்கும். பிலிமில் உருவம் வரும், ஆனால் சோகை பிடித்தாற்போல வரும். பிரிண்ட் டெவலப்பரில் இது இன்னும் மோசம்: கறுப்பு என்று எதிர்பார்த்த இடம் சாம்பல் நிறத்தில் நின்றுவிடும். பேப்பர் பழசு, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டுவோம். பேப்பரில் குற்றம் இருக்காது.

அந்த எல்லைக்கு மேலே நேரத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம். பாகை ஒன்று குறைந்தால் நேரத்தை ஏறத்தாழ 10 விழுக்காடு கூட்ட வேண்டும். இல்போர்ட் எச்.பி.5 பிளஸ் பிலிமை ஐ.டி.-11 டெவலப்பரில், தண்ணீர் கலக்காமல், 20 பாகையில் கழுவ ஏழரை நிமிடம். அதையே 16 பாகையில் கழுவினால் சுமார் 11 நிமிடம். 16 பாகை என்பது பக்கத்து நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி. அதாவது நம் வீட்டு மேசையில் நாள் முழுதும் கிடந்த போத்தலின் சூடு ஏறக்குறைய அதுதான். ஒன்றும் செய்யாமலே பிலிம் கழுவக்கூடிய சூடு இது. கொழும்புக்காரர் ஐஸோடு போராடும்போது நாம் நேரத்தை மட்டும் மாற்றினால் போதும். இந்தக் குளிரை நான் சாபமாக நினைக்காததற்கு அது ஒரு காரணம்.

ஆனால் 16 என்று தெரிந்தால்தானே 11 நிமிடம்? அதனால்தான் வெப்பமானி. பாமசியில் விற்கும் காய்ச்சல் வெப்பமானி உதவாது. அது 32க்குக் கீழே காட்டாது. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இருப்பது போன்ற நீளக் கண்ணாடி வெப்பமானியோ, சமையலுக்கு விற்கிற டிஜிட்டல் வெப்பமானியோ போதும். வாங்கியதும் சரி பார்க்க வேண்டும். இங்கேதான் நம் ஊர் ஒரு வேடிக்கை காட்டும். கொதிக்கிற தண்ணீரில் வைத்து 100 காட்டுகிறதா என்று பாருங்கள் என்பார்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். வெப்பமானி உண்மையைத்தான் சொல்லும். நாம்தான் பழுது என்று தூக்கி எறிவோம். உருகுகிற ஐஸில் 0 காட்டுகிறதா பாருங்கள். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் காய்ச்சல் வெப்பமானியையும் இதையும் ஒன்றாக வைத்து 37க்குப் பக்கத்தில் ஒத்துப்போகிறதா பாருங்கள். நமக்கு வேண்டிய 20 அந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது.

சூட்டைப் பிடித்து வைக்கத் தேவையான சாமான் ஒரு பெரிய பேசின். அதில் 21, 22 பாகைத் தண்ணீர் ஊற்றி, பிலிம் கழுவுகிற டேங்கையும் மருந்துப் போத்தல்களையும் அதற்குள் நிறுத்துங்கள். கேத்தலில் சுடுதண்ணி பக்கத்திலேயே இருக்கட்டும். பிரிண்ட் போடும்போது இது இன்னும் முக்கியம், ஏனென்றால் ட்ரே அகலமானது, சூட்டைச் சீக்கிரம் விட்டுவிடும். மீன் தொட்டிக்கு விற்கிற சிறிய ஹீட்டரை வெளிப் பேசினில் போட்டு, அதற்குள் ட்ரேயை மிதக்கவிடலாம். நல்ல வழிதான், ஆனால் ஹீட்டர் முழுவதும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும். கையைத் தண்ணீரில் விடும் முன் பிளக்கைக் கழற்ற வேண்டும். இருட்டில், ஈரக் கையோடு, மின்சாரத்தோடு விளையாடுகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

டெவலப்பரை 20இல் வைத்துவிட்டு, கழுவுவதற்குப் பீலித் தண்ணீரை அப்படியே அள்ளி ஊற்றுவதும் கூடாது. சூடு திடீரென்று இறங்கினால் ஜெலட்டின் சுருங்கி, கண்ணுக்குத் தெரியாத மடிப்புகள் விழும். பெரிதாக்கிப் பார்க்கும்போது மணல் கொட்டியது போலத் தெரியும். இன்றைய பிலிம்கள் கெட்டியானவை, அவ்வளவாகக் கோபிக்காது. ஆனாலும் ஒரு தண்ணீருக்கும் அடுத்த தண்ணீருக்கும் வித்தியாசம் 5 பாகைக்குள் இருக்கட்டும்.

தண்ணீரின் குணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள்ளிருந்து வருவது. பிலிம் காயும்போது வெள்ளை வெள்ளையாகப் பொட்டு வைத்துவிடும். அங்கே கடைசிக் கழுவலுக்கு வடித்த நீர் வாங்குவார்கள். நம் மலைத் தண்ணீர் மென்மையானது, அந்தப் பொட்டுத் தொல்லை இல்லை. மழைக்குப் பிறகு பீலி கலங்கும். அதுதான் நம் தொல்லை. ஒரு மணல் துணுக்குப் போதும், நெகட்டிவில் கோடு விழ. முதல்நாளே அள்ளி, கொதிக்க வைத்து, தெளியவிட்டு, மெல்லிய துணியில் வடித்து வையுங்கள். ஒரு பிலிமுக்கு ஓடுகிற குழாய் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டேங்கில் தண்ணீர் நிரப்பி 5 முறை கவிழ்த்து ஊற்று. மறுபடி நிரப்பி 10 முறை. மறுபடி நிரப்பி 20 முறை. இல்போர்ட் கம்பனி சொல்லிக் கொடுத்த முறை இது. மூன்று டேங்க் தண்ணீர், அவ்வளவுதான். பீலியில் குடத்தோடு வரிசையில் நிற்கிற அம்மாவிடம் பேச்சு வாங்கவும் தேவையில்லை.

இனி ஈரம். குளிரைவிட ஈரம்தான் இங்கே எனக்குப் பயம். பிளாஸ்டிக் ரீலில் பிலிமை ஏற்றுவது எல்லோருக்கும் தெரியும்: இரண்டு பக்கத்தையும் மாறி மாறித் திருப்பினால் பிலிம் உள்ளே போகும். ரீலில் துளி ஈரம் இருந்தாலும் பிலிம் பாதியில் ஒட்டிக்கொள்ளும். அது நடப்பது முழு இருட்டில், கைகள் வெளிச்சம் புகாத பைக்குள் இருக்கும்போது. இழுத்தால் மடங்கும், விட்டால் நகராது. மூடுபனி நாட்களில் ரீல் ஒரு இரவில் காய்ந்துவிட்டது போலத் தெரியும்; பள்ளங்களுக்குள் காய்ந்திருக்காது. அடுத்தடுத்து இரண்டு ரோல் கழுவுகிறவர்கள் இரண்டு ரீல் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது இரும்புக்கம்பி ரீல். பழகச் சிரமம், ஆனால் ஈரமாக இருந்தாலும் ஏற்றலாம். இங்கிருப்பவர்கள் ஒருமுறை பணம் செலவழிப்பதானால் அதில் செலவழியுங்கள் என்பது என் கருத்து.

லென்ஸில் பூஞ்சணம் பிடிப்பதும் இந்த ஈரத்தால்தான். தோல் பைக்குள் வைத்துப் பூட்டிய கமராவில் சிலந்தி வலை மாதிரி படரும். தோலே ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். பையைத் தனியாக வையுங்கள். லயக் காம்பராவில் விறகடுப்புப் புகையும் சாம்பலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இதற்கும், பிலிம் காய வைப்பதற்கும் சேர்த்து ஒரே சாமான் போதும்: பழைய தகர அலுமாரி ஒன்றின் அடியில் 40 வாட் குண்டு பல்ப். எல்.இ.டி. பல்ப் சூடு தராது, இந்த வேலைக்கு ஆகாது. பல்ப் எரிந்தால் உள்ளே காற்று கொஞ்சம் சூடாகி ஈரம் குறையும். மேலே கம்பியில் பிலிமைத் தொங்கவிட்டு, அடியில் துணி கவ்வி ஒன்று பாரமாக மாட்டினால் தூசி படாமல் காயும். மற்ற நாட்களில் கமரா அங்கேயே இருக்கட்டும். பல்பைத் துணிக்கோ பிலிமுக்கோ பக்கத்தில் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

இந்த மலைநாட்டில் ஈரத்தோடும் தண்ணீரோடும் மல்லுக்கட்டியவர்கள் நமக்கு முன்னும் உண்டு. வரலாற்றுப் பாடத்தில் 1833ஆம் ஆண்டு கோல்புறூக்–கமரன் சீர்திருத்தம் படித்திருப்பீர்கள். அந்தக் கமரன், சார்ல்ஸ் ஹே கமரன், பிறகு இங்கே கோப்பித் தோட்டங்கள் வாங்கினார். அவருடைய மனைவி ஜூலியா மாகரெட் கமரன் உலகப் புகழ் பெற்ற படப்பிடிப்பாளர். 1863இல், 48 வயதில்தான் அவர் கையில் முதல் கமரா வந்தது. இங்கிலாந்தில் நிலக்கரிக் கிடங்கை இருட்டறையாக்கி, கோழிக்கூட்டை ஸ்டூடியோவாக்கி வேலை செய்தவர். 1875இல் இருவரும் இலங்கைக்கு வந்தார்கள். 1879 ஜனவரியில் அவர் திக்கோயாப் பக்கம் கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்தார். பொகவந்தலாவை சென்ற் மேரிஸ் தேவாலயத்தில் கணவரோடு அடக்கம். பஸ் ஏறினால் போய்ப் பார்க்கலாம்.

இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கில் எடுத்தவர் இலங்கையில் எடுத்ததாகத் தெரிய வருவது ஏறத்தாழ முப்பது படங்கள்தான். ஏன் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். நான் சாமான்களைப் பார்க்கிறவன். அவர் கையாண்டது ஈரத் தகடு முறை. கண்ணாடியில் கொலோடியன் பூசி, வெள்ளி நைத்திரேற்றில் முக்கி, அது காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். ஒவ்வொரு தகட்டுக்கும் சுத்தமான தண்ணீர், கப்பலில் வர வேண்டிய மருந்து, பூசும் கைக்கு நிதானம். பிரிண்டோ வெயிலில் போட வேண்டியது. வாரக்கணக்கில் சூரியன் முகம் காட்டாத மலையில் அது எப்படி நடக்கும்? அவருடைய கலை வற்றிவிட்டது என்று சொல்கிறவர்கள் திக்கோயாவில் ஒரு ஆடி மாதம் துணி காயப்போட்டுப் பார்த்தால் நல்லது.

அவருடைய இலங்கைப் படங்களில் நம் சனங்களும் இருக்கிறார்கள். ஆனால் பெயர் இல்லை. அந்தக் காலத்து ஸ்கோவன், ஸ்கீன், 1890இல் தொடங்கிய பிளாட்டே என்று எந்தக் கம்பனிப் படத்தை எடுத்தாலும் கொழுந்துக் கூடையோடு நம் பாட்டிமார் நிற்பார்கள், பெயர் இருக்காது. அவை விற்பதற்கு எடுத்தவை. அடுத்த வகை, அரசாங்கம் கேட்டதற்காக எடுத்தவை. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு, இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களின் கடவுச்சீட்டுக்குப் படம்; 1972இலிருந்து அடையாள அட்டைக்குப் படம். பசாரில் இருந்த ஸ்டூடியோவில் தலையைச் சீவிக்கொண்டு நேராகப் பார்த்த முகங்கள். பல வீடுகளில் தாத்தாவின் ஒரே படம் அதுதான். நாமே நமக்காக எடுத்து, நம் அடுப்படியிலேயே பிரிண்ட் போட்ட படம் என்பது மிகக் குறைவு. இந்தப் பிள்ளைகள் கமராவோடு வந்து உட்கார்ந்திருப்பது எனக்கு ஏன் முக்கியமாகப் படுகிறது என்றால் இதனால்தான்.

பிரிண்டைப் பிழையில்லாமல் கழுவ வேண்டியதும் இதனால்தான். கொழும்புப் படப்பிடிப்பாளர் லயனல் வென்ற் 1944இல் இறந்தபின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. இன்று நாம் பார்ப்பது அவர் போட்டு வைத்த பிரிண்டுகளிலிருந்து வந்தது. படத்தை நிலைநிறுத்தப் போடுகிற ஹைப்போ மருந்து கழுவலில் சரியாகப் போகாத பிரிண்டாக இருந்திருந்தால் அவையும் மஞ்சளாகிப் போயிருக்கும். பிளாஸ்டிக் பூசிய பேப்பருக்கு இரண்டு நிமிடம் ஓடுகிற தண்ணீர் போதும். நாரிழைப் பேப்பர் ஒரு மணி நேரம் கேட்கும். வரிசையில் நின்று தண்ணீர் எடுக்கிற வீட்டில் முதலாவதையே வாங்குங்கள்.

தேயிலையில் பிலிம் கழுவலாமா என்று போன கிழமை ஒருவர் கேட்டார். முடியும். 1995இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஸ்கொட் வில்லியம்ஸ் என்ற ஆசிரியரும் மாணவர்களும் கோப்பியில் டெவலப்பர் செய்து காட்டினார்கள். இப்போது பலர் செய்கிற அளவு, லீட்டருக்கு உடனடிக் கோப்பி 40 கிராம், வாஷிங் சோடா 54 கிராம், விற்றமின் சி 16 கிராம், 20 பாகையில் 15 நிமிடம். கோப்பியில் இருக்கிற பொலிபீனோல் மாதிரியானவை தேயிலையிலும் இருக்கின்றன. 1841இல் ரால்பொற் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை எடுத்த கலோரைப் என்ற படமெடுக்கும் முறையில் கழுவியதே கலிக் அமிலத்தில். அது தேயிலையில் இருக்கிறது. ஆக, வேலை செய்யும், வாஷிங் சோடா சேர்த்தால். ஆனால் பழுப்பு மூட்டம் விழும், கறுப்பு ஆழமாக வராது. விளையாட்டாகச் செய்து பாருங்கள், பாட்டி படத்தில் செய்யாதீர்கள். கோப்பித் தோட்டம் இலைநோயில் செத்துத் தேயிலை வந்த மலையில் பிலிம் கழுவக் கோப்பி வாங்குவது ஒரு வேடிக்கைதான், சரி.

இனி என்லாஜர். முதல் ஆறு மாதம் அது வேண்டாம். 120 பிலிம் போடுகிற கமராவாக இருந்தால், நெகட்டிவைப் பேப்பரின் மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, மேலே ஒரு பல்பைச் சில விநாடி எரியவிட்டால் உள்ளங்கையளவு பிரிண்ட் வந்துவிடும். கமரன் அம்மையார் செய்ததும் இதைத்தான். அவருடைய தகடு 15 அங்குலம் வரை இருந்தது, அதனால் பிரிண்டும் பெரிதாயிற்று. சிவப்பு விளக்குக்குக் கீழே பேப்பர் கெடுகிறதா என்று அறிய, அதன் மேல் ஒரு காசை வைத்து ஐந்து நிமிடம் விட்டுக் கழுவிப் பாருங்கள். காசின் வட்டம் தெரிந்தால் விளக்கை மாற்றுங்கள்.

பழைய என்லாஜர் வாங்கப் போனால் ரசமட்டம் கொண்டு போங்கள், மேசன்மார் பாவிக்கிற அதே மட்டம்தான். அடிப்பலகை, நெகட்டிவ் வைக்கிற தட்டு, லென்ஸ் பலகை, மூன்றிலும் ஒரே மாதிரி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் படத்தின் ஒரு மூலை தெளிவாகவும் மறுமூலை கலங்கலாகவும் இருக்கும். லென்ஸைக் கழற்றி டோர்ச் அடித்துப் பூஞ்சணம் பாருங்கள். 35 மில்லிமீட்டர் பிலிமுக்கு 50 மி.மீ. லென்ஸ், 6×6 பிலிமுக்கு 75 அல்லது 80 மி.மீ. லென்ஸ் வேண்டும், ஒன்றை வைத்து இரண்டையும் சமாளிக்கப் பார்த்தால் மூலைகள் இருண்டுவிடும், அல்லது படம் பெரிதாகாது.

மின்சாரத்தையும் கவனியுங்கள். சாயங்காலம் எல்லோரும் விளக்கும் ரிவியும் போடும்போது வோல்ட் இறங்கும். குண்டு பல்பில் வோல்ட் 10 விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறையும். அதோடு வெளிச்சம் மஞ்சளாகும். மல்டிகிரேட் பேப்பர் மஞ்சளுக்கு மென்மையாகவும் மஜெண்டாவுக்குக் கடுமையாகவும் பதில் சொல்கிற பேப்பர், ஆகவே படத்தின் கடுமையும் மாறும். ஏழு மணிக்கு எடுத்த சோதனைத் துண்டு எட்டு மணிக்குப் பொய்யாகும். ஊர் தூங்கிய பிறகு வேலை செய்யுங்கள், அல்லது ஸ்டெபிலைசர் வையுங்கள். எல்.இ.டி. பல்ப் இந்த இடத்தில் நல்லது.

வேலை முடிந்த ஹைப்போவைக் கானில் ஊற்ற வேண்டாம். அதில் வெள்ளி கரைந்திருக்கிறது, நம் கான் கீழ்க் கணக்கு லயத்துப் பீலிக்குப் பக்கத்தால்தான் போகிறது. பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, பாத்திரம் தேய்க்கிற இரும்புக் கம்பளி போட்டு ஒரு கிழமை விட்டால் வெள்ளி அடியில் கறுப்புச் சேறாக இறங்கும். சேற்றைச் சேர்த்து வையுங்கள். மருந்துகளை ஒருநாளும் சோடாப் போத்தலில் வைக்காதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மேசையில் இரண்டு ரீல் வைத்திருக்கிறேன், ஒன்று பிளாஸ்டிக், ஒன்று கம்பி. பக்கத்தில் வீணாய்ப்போன பிலிம் ஒரு சுருள். விளக்கை அணைக்கத் தேவையில்லை. வரிசையாக வந்து, முதலில் கண்ணைத் திறந்து ஒருமுறை, பிறகு கண்ணை மூடி ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். என்லாஜர் கேட்ட தம்பி, நீங்கள் முதலில் வாருங்கள்.